ஆஸ்பெர்கர் உள்ளவர்கள் எல்லாரும் கணக்கில் புலிகளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிப்பவன். என் வகுப்புகளில் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு) உள்ள மாணவர்கள் அவ்வப்போது இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர், தாத்தா பாட்டிமார், சக ஆசிரியர்கள் என்று பலரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன்; ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதை அதற்குரிய வல்லுநர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆஸ்பெர்கர்னா என்ன? இப்போ அந்தப் பேரே கிடையாதுன்னு சொல்றாங்களே?

வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர், பிறரோடு பழகுவதில் பெரிதும் தடுமாறிய, ஆனால் சரளமாகப் பேசிய சில சிறுவர்களைப் பற்றி 1944-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஜெர்மன் மொழிக்கு வெளியே அது அதிகம் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1981-இல் லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் லோர்னா விங் அந்தச் சிறுவர்களின் இயல்புகளைத் தாம் கண்டவர்களோடு ஒப்பிட்டு எழுதி, 'ஆஸ்பெர்கர்' என்ற பெயரைப் பரவச் செய்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியலிலும், 1994-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் நான்காம் பதிப்பிலும் அது தனிப் பெயராக இடம்பெற்றது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் இருந்து, மொழி வளர்ச்சியிலும் அறிவு வளர்ச்சியிலும் பொதுவான தாமதம் இல்லாதவர்களுக்கு அப்பெயர் தரப்பட்டது என்று சுருக்கமாகக் கொள்ளலாம்.

2013-இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இந்தத் தனிப் பெயரை நீக்கி, எல்லாவற்றையும் 'ஆட்டிசம் நிறமாலை' என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் பட்டியலும் அவ்வாறே செய்தது. நாஜிகள் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற 'ஆம் ஷ்பீகல்கிரண்ட்' மருத்துவ நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியதை வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களோடு வெளியிட்ட பின், பலர் அந்தப் பெயரைச் சொல்லவே விரும்புவதில்லை. ஆயினும் பழைய சான்றிதழ்களில் அது இருக்கிறது, அந்தப் பெயராலேயே தங்களை அடையாளப்படுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்; என்னிடம் வரும் கேள்விகளும் அப்பெயரிலேயே வருகின்றன. அதனால் இங்கே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பிள்ளைங்க எல்லாருமே கணக்குல புலின்னு சொல்றது உண்மையா?

உண்மை இல்லை. சியாங், லின் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வெளியாகியிருந்த ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். ஆஸ்பெர்கர் உள்ளவர்களிலும், அறிவுத்திறன் குறையாத ஆட்டிசம் உள்ளவர்களிலும் பெரும்பாலோரின் கணிதத் திறன் சராசரியாகவே இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. தங்களுடைய பொது அறிவுத்திறனோடு ஒப்பிட்டால் கணிதத்தில் அவர்கள் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள், ஆனால் அந்த இடைவெளி சிறியது. மிகச் சிறந்தவர்களும் சிலர் இருந்தார்கள்.

சராசரி என்ற சொல்லை நம்பி அங்கேயே நின்றுவிடக் கூடாது. பிரிட்டனில் 14 முதல் 16 வயது வரையுள்ள, ஆட்டிசம் நிறமாலையைச் சேர்ந்த 100 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், சுமார் 16 விழுக்காட்டினர் தங்கள் அறிவுத்திறன் அளவைவிட எண்கணிதத்தில் தெளிவாக உயர்ந்திருந்தார்கள். சுமார் 6 விழுக்காட்டினர் தெளிவாகத் தாழ்ந்திருந்தார்கள். இங்கே உயர்வு, தாழ்வு என்பவை அவரவருடைய அளவோடு ஒப்பிட்டவை. 16 விழுக்காட்டினரும் வகுப்பில் முதலிடம் என்று இதற்குப் பொருளில்லை. மற்றவர்களிடம் கணக்கில் அப்படி ஒரு பெரிய விலகலே காணப்படவில்லை. ஒரு வகுப்பறையில் எல்லா வகைப் பிள்ளைகளும் இருப்பதைப் போலவேதான் இங்கும், கொஞ்சம் கூடுதலாகச் சிதறி இருக்கிறார்கள்.

அப்போ இந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சு?

முதல் விதை ஆஸ்பெர்கரின் கட்டுரையிலேயே இருக்கிறது. அதில் ஃபிரிட்ஸ் என்று பெயரிடப்பட்ட சிறுவன், யாரும் சொல்லித்தராமலே எதிர்ம எண்களைப் புரிந்து வைத்திருந்தான். மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் என்னவென்றால் 'பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு' என்றான். படிப்பவர் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் காட்சி இது. அதே சிறுவன் பள்ளியில் சேர்ந்த முதல் நாளிலேயே சமாளிக்க முடியாதவன் என்று திருப்பி அனுப்பப்பட்டதை யாரும் அவ்வளவு எளிதில் நினைவுகூர்வதில்லை.

பொதுமக்களிடம் இதைப் பரப்பியது 1988-இல் வெளிவந்த 'ரெயின் மேன்' திரைப்படம். தரையில் கொட்டிய பல்குச்சிகளை ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லும் அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த கிம் பீக். அவர் ஆயிரக்கணக்கான நூல்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்; மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டு இல்லாமல் பிறந்தவர்; பின்னாளில் மருத்துவர்கள் அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல, வேறொரு மரபணுக் கோளாறு என்றே கருதினார்கள். ஆக, ஆட்டிசம் என்றால் எண்ணும் இயந்திரம் என்று உலகுக்குச் சொன்ன பாத்திரத்தின் மூலமனிதரே ஆட்டிசம் உள்ளவராக இல்லாமல் போயிருக்கலாம். பிறகு 2004-இல் ஆஸ்பெர்கர் உள்ள டேனியல் டாமெட், ஆக்ஸ்ஃபோர்டில் பை எண்ணின் 22,514 இலக்கங்களை நினைவிலிருந்து ஒப்பித்தார். அது மெய்யான சாதனை. ஆனால் செய்தியாவது அபூர்வம் மட்டுமே. எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் ஆட்டிசச் சிறுவனைப் பற்றி எந்த நாளிதழும் எழுதுவதில்லை.

கேம்பிரிட்ஜ்ல ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சுட்டாங்கன்னு படிச்சேனே சார்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் பரோன்-கோஹனும் உடன் பணியாற்றியோரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அப்பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த 378 பேரையும் பிற துறைகளில் படித்த 414 பேரையும் விசாரித்தார்கள். கணிதக்காரர்களில் 7 பேரும் மற்றவர்களில் ஒருவரும் ஆட்டிசம் நிறமாலையில் இருந்தார்கள். வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே எண்களைத் திருப்பிப் படியுங்கள்: 378 கணித மாணவர்களில் 371 பேருக்கு ஆட்டிசம் இல்லை. மேலும் அந்த ஆய்வு சொல்வது கணிதம் படிப்போரில் ஆட்டிசம் எவ்வளவு என்பதை. ஆட்டிசம் உள்ளோரில் கணிதத் திறன் எவ்வளவு என்பதை அது கேட்கவே இல்லை. நாதஸ்வரக் கலைஞர்களில் தஞ்சைப் பக்கத்தவர் நிறையப் பேர் என்பது சரி. அதனால் தஞ்சாவூர்க்காரர் ஒருவரைப் பார்த்தவுடன் 'ஒரு தோடி வாசியுங்கள்' என்று கேட்டால் அவர் நம்மை எப்படிப் பார்ப்பார்?

இதற்கு முன்பு, 2001-இல், அதே குழு ஒருவரிடம் ஆட்டிச இயல்புகள் எவ்வளவு என்று அளக்க 50 கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டது. பொதுமக்கள் சராசரியாக 16.4 புள்ளிகளும், பிரிட்டிஷ் கணித ஒலிம்பியாடில் வென்ற 16 பேர் சராசரியாக 24.5 புள்ளிகளும், ஆஸ்பெர்கர் அல்லது அறிவுத்திறன் குறையாத ஆட்டிசம் உள்ளவர்கள் 35.8 புள்ளிகளும் பெற்றார்கள். 32-ஐ எட்டினால் கவனிக்கத்தக்கது என்பது அக்குழுவின் கணிப்பு. ஒலிம்பியாட் வெற்றியாளர்களின் சராசரி அதற்கு நன்றாகக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 50 கூற்றுகளில் வண்டி எண்களைக் கவனிக்கும் பழக்கம் பற்றி ஒன்று, தேதிகளில் ஈர்ப்பு பற்றி ஒன்று, எண்களில் ஈர்ப்பு பற்றி ஒன்று உண்டு. எண்களை விரும்புகிறவருக்கு அங்கே புள்ளி கிடைக்கும் என்னும்போது, கணிதக்காரர்கள் சற்றுக் கூடுதலாக வாங்குவதில் ஒரு பங்கு வினாத்தாளின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

எங்க பையன் எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொல்றான். இது கணக்குத் திறமைதானே?

திறமைதான், பள்ளிக் கணிதம் கேட்கும் திறமையா என்பது வேறு கேள்வி. நாட்காட்டியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நாம் பயன்படுத்தும் நாட்காட்டியின் 400 ஆண்டுகளில் 146,097 நாட்கள். அது மிச்சமில்லாமல் 20,871 வாரங்கள். எனவே 400 ஆண்டுக்கு ஒரு முறை கிழமைகள் அப்படியே திரும்பி வரும். ஓர் ஆண்டின் நாட்காட்டிக்கு மொத்தம் 14 வடிவங்கள்தாம் உண்டு: எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதற்கு ஏழு, சாதாரண ஆண்டா மிகுநாள் ஆண்டா என்பதற்கு இரண்டு. தினமும் பல மணிநேரம் நாட்காட்டியோடே வாழும் பிள்ளை இந்த ஒழுங்கைத் தன்னை அறியாமலே பிடித்துக்கொள்கிறது. அந்த விடாப்பிடியான ஈடுபாடுதான் இங்கே அசாதாரணமானது.

எண்களின்மீது ஆசை, வேகமாகக் கணக்கிடுதல், ஒன்றை ஏன் உண்மை என்று நிறுவுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஒன்று இருந்தால் மற்றவையும் தாமே வந்துவிடும் என்று நம்பினால் பிள்ளை பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் நின்றுபோகும்போது வீட்டில் இடி விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. அதற்காக அந்த ஆசையைத் தூக்கி எறியவும் வேண்டாம். வகுத்தால் வரும் மீதியைச் சொல்லித்தர நாட்காட்டியைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

விடை சரியா சொல்றான், ஆனா ஸ்டெப்ஸ் எழுத மாட்டேங்கறான். மார்க் போச்சு. என்ன பண்றது?

ஆஸ்பெர்கர் கட்டுரையில் ஹாரோ என்ற எட்டரை வயதுச் சிறுவன் வருகிறான். 34-இலிருந்து 12-ஐக் கழிக்கச் சொன்னார்கள். அவன் 34-உடன் 2-ஐக் கூட்டி 36 ஆக்கினான். 12-ஐக் கழித்து 24 என்றான். கூட்டிய 2-ஐத் திரும்பக் கழித்து 22 என்று முடித்தான். இதுதான் வேகமான வழி என்றும் சொன்னான். 12-இன் மடங்கு ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்பது அவன் கண்ணில் பட்டிருக்கிறது, நமக்குப் படவில்லை. 58-உடன் 34-ஐக் கூட்டச் சொன்னபோது 60-உம் 32-உம் என்று மாற்றிக்கொண்டான். இவ்வளவு அழகான வழிகளை வைத்திருந்த அவனுக்குப் பள்ளியில் கணக்கு ஒழுங்காக வரவில்லை. சொந்த வழி சுற்றிச் சுற்றிப் போகும்போது இடையில் பிழைத்தான், ஆசிரியர் காட்டிய வழியையோ ஏற்க முடியவில்லை.

2014-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள 18 சிறுவர்களையும் இல்லாத 18 பேரையும் ஒப்பிட்டபோது, முதல் குழுவினர் எண்களை இப்படி உடைத்துச் சேர்க்கும் வழியைக் கூடுதலாகக் கையாண்டது தெரிந்தது. சிறிய குழு, அறிவுத்திறன் குறையாதவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

நடைமுறையில் நான் செய்வது இது: முதலில் வாயால் சொல்லச் சொல்வேன், அவன் சொல்வதை நானே கரும்பலகையில் வரி வரியாக எழுதுவேன், பிறகு 'இந்த வரிகளுக்குத்தான் மதிப்பெண், விடைக்கு ஒன்றே ஒன்று' என்று வினாத்தாளின் மதிப்பெண் பங்கீட்டைக் காட்டுவேன். 'எனக்குப் புரியும்படி எழுது' என்பதைவிட 'நான்கு வரிக்கு நான்கு மதிப்பெண்' என்பது எளிதில் எடுபடுகிறது. கையெழுத்துச் சிரமமும் பலருக்கு இருக்கும். எண்களை நேர்கீழாக எழுத வராமல் கூட்டல் தப்புவது உண்டு. கட்டம் போட்ட நோட்டு அதில் பாதியைத் தீர்த்துவிடும்.

கூட்டல், பெருக்கல் எல்லாம் போடறா. வாக்கியக் கணக்கு வந்தா அப்படியே உட்கார்ந்துடறா. ஏன்?

வாக்கியக் கணக்கில் எண்களைவிட, எழுதாமல் விட்டவைதான் அதிகம். '6 ஆட்கள் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார்கள் எனில் 12 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?' என்று ஒரு முறை தேர்வில் கேட்டிருந்தேன். ஒரு மாணவி வெற்றிடமாக விட்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாரும் ஒரே வேகத்துல வேலை செய்வாங்கன்னு கேள்வியில இல்லையே சார்" என்றாள். ஐந்து நாள் என்ற விடை அவளுக்குத் தெரியும். கேள்வி முழுமையாக இல்லாததால் அதை எழுதுவது பொய் என்று நினைத்திருக்கிறாள். அவள் சொன்னது சரி. அடுத்த முறை முதல் 'ஒரே வேகத்தில் வேலை செய்யும்' என்ற நான்கு சொற்களைச் சேர்த்துவிட்டேன்.

2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள 27 வளரிளம் பருவத்தினரில் 22 விழுக்காட்டினருக்குக் கணிதத்தில் கற்றல் குறைபாடும் 4 விழுக்காட்டினருக்குச் சிறப்புத் திறனும் காணப்பட்டன. கணக்குத் தீர்க்கும் திறனோடு மொழித்திறனும் தேர்வு பற்றிய பதற்றமும் பிணைந்திருந்தன. ஆகவே வாக்கியக் கணக்கில் நிற்கும் பிள்ளைக்கு மேலும் நூறு கூட்டல் கணக்கு கொடுப்பதில் பயனில்லை.

இவளுக்குக் கணக்கே வரலை. அப்போ ஆஸ்பெர்கர் இல்லைன்னுதானே அர்த்தம்? எங்க மாமியார் அப்படித்தான் சொல்றாங்க.

இல்லை. முதல் கேள்வியில் சொன்ன எந்தப் பட்டியலிலும் கணிதத் திறன் ஓர் அளவுகோலாக இருந்ததே இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் உலகறிந்த ஒருவரான டெம்பிள் கிராண்டின், கால்நடைகளைக் கையாளும் அமைப்புகளை வடிவமைத்தவர், பேராசிரியர். இயற்கணிதம் தமக்கு வரவே இல்லை, மனக்கண்ணில் பார்க்க அதில் ஒன்றும் இல்லை என்று பல முறை சொல்லியிருக்கிறார்.

கணக்கு வராமைக்குத் தனிக் காரணம் இருக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். டிஸ்கால்குலியா என்னும் கணிதக் கற்றல் குறைபாடு ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் நிறமாலையும் இருக்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் தனியாக இருக்கிறது. பின்னதன் விளக்கத்தில் டிஸ்கால்குலியா பெயரோடு வருகிறது. 'ஆட்டிசம் பிள்ளைக்குக் கணக்கு தானாக வந்துவிடும்' என்று காத்திருப்பவர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்காமலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

ராமானுஜனுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் இது இருந்ததாமே?

அயர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2004-இல் எழுதிய ஒரு நூலில் ராமானுஜனுக்கு ஆஸ்பெர்கர் இருந்ததாக வாதிட்டார். ஐன்ஸ்டைனைப் பற்றியும் நியூட்டனைப் பற்றியும் வேறு சிலர் அவ்வாறே எழுதியிருக்கிறார்கள். 1920-இல் மறைந்த ராமானுஜனை இன்று உட்கார வைத்துப் பரிசோதிக்க முடியாது. கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தவர் என்பதை ஒருவர் சான்றாகக் காட்டலாம். அதே ராமானுஜன்தான் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பேசி வேலை தேடியவர், 1913-இல் முன்பின் அறியாத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவர். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் வாழ்க்கை வரலாற்றை வளைத்துக்கொள்ளலாம் என்பதால் இவ்வகை வாதங்களில் எனக்கு மதிப்பில்லை.

அப்போ ஐ.டி. வேலைதான் இவங்களுக்குச் சரின்னு சொல்றதும் தப்பா?

சிலருக்கு அது மிகச் சரி. டென்மார்க்கில் 2004-இல் தொடங்கிய 'ஸ்பெஷலிஸ்டர்ன்' நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனைப் பணிகளில் அமர்த்தி வழி காட்டியது, ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. 2013 முதல் தனித் திட்டமே வைத்திருக்கிறது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் தனக்கு ஆஸ்பெர்கர் இருப்பதை 2013-இல் வெளியிட்ட சூசன் பாயில் பாடகி. கிரெட்டா துன்பெர்க் சுற்றுச்சூழலுக்காகப் போராடுபவர். பொருளியலில் 2002-இல் நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித்தும் தம்மை அப்படியே சொல்லிக்கொள்கிறார். இவர்களில் ஒருவருக்கு வேண்டுமானால் எண்களோடு தொழில்.

பாராட்டாத்தானே சொல்றோம், இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

கணக்கு வராத பிள்ளைக்கு இரட்டை நஷ்டம். மற்ற பிள்ளை 40 வாங்கினால் 'கணக்கு வரவில்லை' என்பார்கள். இவன் 40 வாங்கினால் 'முயற்சி செய்யவில்லை, மூளை இருந்தும் சோம்பேறி' என்பார்கள். முந்தைய கேள்வியொன்றில் அந்த மாமியார் செய்ததைப் போல, சான்றிதழையே சந்தேகிப்பவர்களும் உண்டு. கணக்கு நன்றாக வரும் பிள்ளையும் தப்புவதில்லை: அவன் மூன்று மாதம் உட்கார்ந்து உழைத்துக் கற்றதை 'அது அவனுக்கு அப்படித்தான்' என்று ஒரே சொல்லில் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஒரு திருமண வீட்டில் உறவினர்கள் ஒரு சிறுவனை நடுவில் நிறுத்தி, '37-ஐ 48-ஆல் பெருக்கு' என்று மாறி மாறிக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு விடை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனா எங்க பிள்ளை நிஜமாவே கணக்குல கெட்டி சார். அதை மறைக்கணுமா?

வேண்டாம். வேகத்துக்கு ஏற்ற பாடம் கொடுங்கள், மேல்வகுப்புப் புத்தகம் கொடுங்கள், ஒலிம்பியாட் பக்கம் ஆசை இருந்தால் அனுப்புங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: கணக்கில் கெட்டி என்பதால் மற்றவற்றிலும் தேறிவிடுவான் என்று பள்ளியோ வீடோ முடிவு செய்துவிடக் கூடாது. மூன்றாம் கேள்வியில் வந்த ஃபிரிட்ஸுக்கு எதிர்ம எண் தெரிந்திருந்தது, வகுப்பில் உட்காரத் தெரியவில்லை.

என்னிடம் படித்த ஒரு பையன் மூன்று மணிநேரக் கணிதத் தேர்வை ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். மணி அடித்தவுடன் கழிவறைக்கு ஓடினான். 'ஏன் கேட்கவில்லை?' என்றதற்கு, 'தேர்வில் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறதே' என்றான். தாளில் நூற்றுக்கு நூறு. அவனுடைய அடுத்த வினாத்தாளின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: 'தண்ணீர், கழிவறை இரண்டுக்கும் கை தூக்கலாம்.' ஒன்றரை மணிக்குக் கை தூக்கினான்.